மல்லாட்டை மஞ்சளான மூலை

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறது என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு சிட்டிகை மண்ணைக் கரைத்து ஊற்றினால் போதும். அதில் இருக்கும் செம்பு, ஈயம், துத்தநாகம், குரோமியம் எல்லாவற்றையும் நாம் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் திரையில் போட்டுவிடுகிறது. அதை இயக்குகிற பெண், "மேடம், இது இல்லாம அந்தக் காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"கண்ணால பார்த்துத்தான். செம்பு தேன் நிறத்துல தெரியும், துத்தநாகம் ரோஜா நிறத்துல தெரியும்" என்றேன்.

அவள் நம்பாமல் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து இன்னும் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களிடம் சொன்ன செஞ்சிக் கதையை எழுதியும் வைக்கச் சொன்னார்கள். உலோகமும் செடியுமாகவே கழிந்த என் வேலையில், நான் அதிகம் சிரித்தது அந்த ஒரு விவகாரத்தில்தான்.

எனக்குச் சொந்த ஊர் பனமலை. ஏரிக்குக் கீழே ஊரார் நிலத்தில் நைனா, அதாவது என் அப்பா, கூலி வேலை செய்தார். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. ஆஸ்டலில் சேர்த்துப் படிக்கவைத்தார். ரசாயனத்தில் எம்.எஸ்சி. முடித்து, அறுபதுகளின் நடுவில் சென்னையில் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். வேலை கிடைத்த விவரம் பஸ் டிரைவர் வரைக்கும் எல்லோருக்கும் நைனா வாயாலேயே போய்ச் சேர்ந்தது.

ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர் வேதமாணிக்கம் சார். திருநெல்வேலிக்காரர், மெலிந்த உயரமான மனிதர். அவருடைய ஆய்வறைக்குள் நுழைவது கர்ப்பகிரகத்துக்குள் நுழைவது போல. மோதிரம், கைக்கடிகாரம், உலோகக் கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலில் ஒரு பீங்கான் கிண்ணத்தில் கழற்றிப் போட்டுவிட வேண்டும். கண்ணாடிக் குழாய்களை முதலில் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு இரண்டு தடவை காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். அந்தத் தண்ணீரும் செம்புப் பாத்திரத்தில் வடித்ததாக இருக்கக்கூடாது; முழுக்கக் கண்ணாடியில் வடித்ததாக இருக்க வேண்டும். துடைக்கத் துணி கூடாது. இத்தனையும் முடிந்து பத்து மண் கரைசல்களைச் சோதிக்கும்போது, பதினோராவதாக ஒரு குழாயில் மண்ணே இல்லாத வெறும் தண்ணீரையும் அதே மருந்துகளோடு வைத்துச் சோதிக்க வேண்டும். அதில் நிறம் வந்தால் அன்றைய வேலை முழுக்கக் குப்பை. சார் கோபித்துக்கொள்ள மாட்டார். வாய்க்குள் ஏதோ கீர்த்தனையை முனகிக்கொண்டே பத்துக் குழாய்களையும் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் செஞ்சியிலிருந்து ஒரு லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. டிரைவர் மூன்று வாளிகளை இறக்கி வைத்தான். பளபளவென்று புத்தம்புதுத் தகர வாளிகள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி கட்டி, குங்குமம் வைத்திருந்தது. உள்ளே சொதசொதவென்று ஈர மண்.

அனுப்பியவர் சாந்தகுமார் நயினார் என்கிற விவசாயி. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ் ஜைனக் குடும்பம். நிலமும் உண்டு, மல்லாட்டை வியாபாரமும் உண்டு. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கோட்டை மலையடியில் இருக்கும் அவருடைய நிலத்தின் ஒரு மூலையில், இரண்டு பட்டமாக, அதாவது இரண்டு விதைப்புப் பருவமாக, மல்லாட்டைச் செடி மஞ்சளாகி, முழங்கையளவுகூட வளராமல் நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டையாகக் கருத்துக் கிடந்தது.

காரணம் இன்னதென்று ஊரே முடிவு கட்டியிருந்தது. நிலத்துக்கு மேற்பக்கத்தில் ஏகாம்பர ஆச்சாரியின் பித்தளைப் பாத்திரப் பட்டறை இருந்தது. பாத்திரங்களை அமிலத்தில் தோய்த்துக் கழுவுகிற தண்ணீர் ஒரு சிறு கால்வாய் வழியாக நயினார் நிலத்துக்குள் நுழைந்து, ஓரமாகவே போய், மலையடி மூலையில் தேங்கியது. செடி மஞ்சளானதும் அதே மூலையில். ஆச்சாரி பட்டறையைப் பெரிதாக்கிப் புது அமிலத் தொட்டி கட்டியதும் அதே சமயத்தில். பஞ்சாயத்தில் பிராது கொடுத்தாயிற்று. மண்ணில் பித்தளைச் சரக்கு இருக்கிறது என்று நாங்கள் சொல்லிவிட்டால் பட்டறையை மூடிவிடுவது என்று தீர்மானம் தயாராக இருந்தது. நயினாரும் ஆச்சாரியும் சின்ன வயதிலிருந்து சிநேகிதர்கள். ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இதெல்லாம் டிரைவர் டீ குடித்துக்கொண்டே சொன்னது.

நான்தான் சோதித்தேன். செம்பு ஏராளமாக இருந்தது; குழாயில் தேன் நிறம் கெட்டியாக இறங்கியது. துத்தநாகமும் ஏராளம், பச்சையாக இருந்த மருந்து ரோஜா நிறத்துக்குத் தாவியது. பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும் சேர்ந்ததுதான். இரண்டும் ஒன்றாக இருந்தால் வேறென்ன வேண்டும்? என் கூட வேலை செய்தவர்கள், "முடிஞ்சது, ஆச்சாரி மாட்டிக்கிட்டார்" என்றார்கள்.

சார் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நல்ல ரோஜா" என்றார். பிறகு, "இது யார் சொன்னது? மண் சொன்னதா, வாளி சொன்னதா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே ஒரு வாளியைக் காலி செய்து, நன்றாகக் கழுவி, வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி மூடி வைத்தார். மறுநாள் அந்தத் தண்ணீரை எடுத்துச் சோதிக்கச் சொன்னார். மண் ஒரு துகள்கூட இல்லாத அந்தத் தண்ணீரும் ரோஜா நிறமாக மாறியது. துருப்பிடிக்காமல் இருக்க அந்த வாளிகளுக்குத் துத்தநாகம்தான் பூசுவார்கள். சென்னைக்குப் போகிற மண்ணாயிற்றே, மரியாதையாக அனுப்ப வேண்டும் என்று நயினார் கடைத்தெருவில் புது வாளியாகப் பார்த்து வாங்கி அனுப்பியிருந்தார். அவருடைய மரியாதை ஆச்சாரியின் பட்டறையை மூடியிருக்கும்.

"கிளம்பு, நாமே போய் எடுப்போம்" என்றார் சார்.

துணிப்பைகள், மூங்கில் சீவிச் செய்த குழாய், ஒரு தேக்கு மரக் கரண்டி, இவற்றை எடுத்துக்கொண்டு ஜீப்பில் செஞ்சி போய்ச் சேர்ந்தோம். இரும்பு, தகரம், பித்தளை எதுவும் மண்ணைத் தொடக்கூடாது. நயினார் ஜீப்புக்கு எதிரே ஓடி வந்தார். குட்டையான, கலகலப்பான மனிதர். கைவசம் மண்வெட்டியோடு ஆட்களைத் தயாராக நிறுத்தியிருந்தார். சார் மண்வெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மரக் கரண்டியை என் கையில் கொடுத்தார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் குந்தினேன்.

அப்போது வரப்பில் ஒரு குரல்: "ஏம்மா மல்லிகா!"

நைனா. நான் செஞ்சிக்கு வருவதைக் கேள்விப்பட்டு, பனமலையிலிருந்து பஸ் பிடித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, பையில் அவித்த மல்லாட்டையோடு வந்திருந்தார். மகளுடைய ஆபீஸ் வேலையைப் பார்க்க வந்த மனிதர், மகள் முழங்கால் சேற்றில் மண் அள்ளுவதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இன்னாம்மா இது? மண்ணு அள்றதுக்கா அத்தினி வருசம் படிக்க வச்சேன்? இத்த நானே சொல்லிக் குடுத்திருப்பேனே!"

வேலையாட்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வேதமாணிக்கம் சார் வரப்பில் ஏறிப் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐயா, நீங்க அள்ளின மண்ணுக்குக் கூலி மட்டும்தான் கொடுத்தாங்க. இவ அள்ளுற மண்ணுக்கு ஒரு பட்டறையே பதில் சொல்லணும்" என்றார். நைனாவுக்கு அது எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கை குலுக்கியது மட்டும் நன்றாக விளங்கியது. அன்று முழுக்க அந்தக் கையைச் சட்டையில் துடைக்காமல் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

கால்வாய் நிலத்துக்குள் நுழைகிற இடத்திலிருந்து மலையடி மூலை வரைக்கும் இடம் விட்டு இடம் மண் எடுத்தோம். மேல் மண் தனியாக, அடி மண் தனியாக. மூலையில் சார் ஒரு குழி தோண்டச் சொன்னார். மண்வெட்டியால் தோண்டலாம், ஆனால் சோதனைக்கான மண்ணைக் குழியின் சுவரிலிருந்து மரக் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இடுப்பளவு ஆழம் போனதும் மண்வெட்டி 'ணங்' என்றது. கறுப்பாக, கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டு, நுரை உறைந்தது மாதிரி ஓட்டை ஓட்டையாகக் கட்டிகள். சிலவற்றின் மேல் பச்சைப் பூச்சு. உலையில் உலோகம் உருக்கும்போது ஒதுங்குகிற கசடு அது.

சார் கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். "நயினார், இந்த மூலை எப்பவும் இப்படிச் சமமாத்தான் இருந்ததா?"

அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நயினார் கட்டியிலிருந்து கண்ணை எடுத்து மேற்கே பார்த்தார். "பொழுது சாயுது, சாப்ட வாங்க" என்று மட்டும் சொன்னார். அவர்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு சாப்பிட மாட்டார்கள். நயினாரின் மனைவி, அந்த அம்மையார், இலை போட்டுவிட்டுத் தெருவுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்து வெளியே வந்தால், ஆச்சாரி வீட்டம்மாள் வழியை மறித்தார். "அவுங்க வூட்ல மட்டும் கை நனச்சிட்டுப் போனா, ஊரு இன்னா பேசும்? எங்க பக்கம் நியாயம் கேக்கவேணாமா?" என்றார். நியாயத்துக்காக அங்கேயும் இரண்டாவது தடவை சாப்பிட்டோம்.

சென்னை திரும்பி ஒவ்வொரு பையாகச் சோதித்தோம். வெறும் தண்ணீர்க் குழாய் இந்தத் தடவை நிறம் மாறாமல் பச்சையாகவே நின்றது. கால்வாய் நுழைகிற இடத்து மேல் மண்ணில் செம்பும் துத்தநாகமும் ஜோடியாக இருந்தன, ஆனால் கொஞ்சம்தான். கால்வாயோரமாகப் போகப் போக இரண்டும் சேர்ந்தே குறைந்தன. வழியிலேயே மண் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டுவிட்டது. மலையடி மூலைக்கு வந்ததும் செம்பு குபீரென்று ஏறியது. ஆழம் போகப் போக இன்னும் ஏறியது. துத்தநாகம் மட்டும் எந்தச் சாதாரண நிலத்திலும் இருக்கிற அளவுதான். துத்தநாகம் இல்லாமல் பித்தளை ஏது? மேலே இருந்து வந்த தண்ணீர் மேல் மண்ணைவிட அடி மண்ணை அதிகமாக எப்படிக் கெடுக்கும்?

அந்தக் குழாய்களை வரிசையாக நிறுத்தி வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? முகம் தெரிந்த ஒரு மனிதர் மேல் பழி இல்லை என்று நிறங்கள் வாய் திறந்து சொல்கின்றன. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இரண்டு குதி குதித்தேன். வாசலில் சார் நின்றிருந்தார். "குழாய் பத்திரம்" என்று சொல்லிவிட்டு, கீர்த்தனையைக் கொஞ்சம் உரக்கவே பாடிக்கொண்டு போனார்.

ஆனால் குழாயையும் நிறத்தையும் காட்டினால் ஊர் நம்புமா? சார் ஒரு வேலை செய்தார். அந்த மண்களை மண்சட்டிகளில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் மல்லாட்டையும் ஆமணக்கும் ஊன்றச் சொன்னார். செடிகள் வளரும்வரை பஞ்சாயத்தைத் தள்ளிப்போடச் சொல்லி ஆள் அனுப்பினார். பிறகு சட்டிகளை வைக்கோல் மேல் அடுக்கி, ஜீப்பை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டவைத்துச் செஞ்சிக்குக் கொண்டுபோனோம்.

பஞ்சாயத்து அலுவலகத்து முன்னால் கடைத்தெருவே கூடியிருந்தது. சட்டிகளை வரிசையாக வைத்தோம். ஒரு பக்கம் நயினார், ஒரு பக்கம் ஏகாம்பர ஆச்சாரி. ஆச்சாரி நல்ல உயரம், உலைச் சூட்டில் கறுத்த உடம்பு, யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நைனாவும் வந்திருந்தார். அப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியில் நின்றே பழகியவர், அன்றும் கடைசியில் நின்றார்.

சார் ஆரம்பித்தார். 'படிவு', 'செறிவு' என்று இரண்டு வாக்கியம் போனதும் கூட்டம் கொட்டாவி விட்டது. உடனே நிறுத்திக்கொண்டு, "மல்லிகா, உங்க ஊர்ப் பேச்சில நீயே சொல்லு" என்று பின்னால் நகர்ந்துவிட்டார்.

நான் முன்னால் வந்தேன். சட்டிகளைப் பார்த்தேன். அவற்றைப் பார்த்ததும் பேச்சு வந்துவிட்டது.

"இந்தச் சட்டில இருக்குறது ஆச்சாரி கால்வா ஓரத்து மண்ணு. மல்லாட்ட பாருங்க, கொஞ்சம் குட்ட, ஆனா பச்சையா இருக்குது. இது மூலையோட மேல் மண்ணு. செடி மஞ்சளாய்ட்டுது. இது அதே மூலையில இடுப்பாழத்து மண்ணு. மல்லாட்ட செத்தே போச்சு. ஆச்சாரி தண்ணி கெடுத்திருந்தா எந்தச் சட்டில செடி மொதல்ல சாவணும்?"

"கால்வா ஓரத்துச் சட்டிலதான்" என்றார் ஒரு துணிக்கடைக்காரர்.

"சாவலயே! அடியில ஏதோ பழைய உலைக் கசடு கெடக்குது. கோட்டையில ஆளுங்க இருந்த காலத்துல யாரோ அங்க செம்பு உருக்கியிருக்கலாம். யாருன்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா அந்தச் செம்புல துத்தநாகம் இல்ல. ஆச்சாரி பித்தளையில துத்தநாகம் இல்லாம இருக்காது."

"அப்ப இத்தினி வருசமா வெளையாத கெடக்கலியே? ரெண்டு பட்டமாத்தானே இப்படி?" என்று பஞ்சாயத்துத் தலைவர் கேட்டார். நல்ல கேள்வி. எங்களிடம் ஓர் ஊகம் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நாங்கள் இல்லை. சார் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே, பேசாமல் இரு என்றார்.

கூட்டம் சலசலத்தது. நயினார் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார், மடித்தார். கடைசியில் எழுந்து நின்றார்.

"அங்க ஒரு மேடு இருந்துது. புல்லு மண்டிக் கெடக்கும். எங்கப்பா காலத்துலேருந்து அதுல யாரும் ஏர் வச்சதில்ல. நெலம் கொஞ்சம் சேருமேன்னு மேட்டக் கலச்சி எறச்சது நாந்தான். அதுக்கு அடுத்த பட்டந்தான் செடி மஞ்சளாச்சு. குழியில அந்தக் கட்டியப் பாத்த அன்னிக்கே எனக்கு விளங்கிப்போச்சு. ஏகாம்பரம் மேல தப்பு இல்ல."

ஒரு வியாபாரி, ஊர் முன்னால், கேட்கிறவர் இல்லாதபோது தானே எழுந்து சொன்னார். அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

ஆனால் சார் அதோடு விடவில்லை. "ஆச்சாரியார் பங்கும் கொஞ்சம் இருக்கு. கால்வாய் ஓரத்தில செடி குட்டையா இருக்கு பாருங்க. கழுவுற தண்ணியை ஒரு குழியில தேக்கி, சுண்ணாம்பு போட்டுத் தெளியவச்சு விடணும்" என்றார்.

ஆச்சாரி முதல் தடவையாக நிமிர்ந்தார். "அதானே! எம்மேல ஒண்ணாவது வைக்காத போவமாட்டீங்களே!" கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "குழி வெட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து, நயினார் பக்கம் திரும்பாமல் நடந்தார். கடைசியில் நின்ற நைனாவைத் தாண்டும்போது மட்டும் நின்று, "உன் பொண்ணா?" என்று கேட்டார்.

"எம்பொண்ணுதான்."

"நல்லாப் பேசுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பழி நீங்கியது, சிநேகம் திரும்பவில்லை. ஒரு வருஷம் ஊர் முழுக்கக் குற்றவாளியாகப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு ஆறும்? நயினார் அந்த மூலையில் ஆமணக்குப் போட்டார். எங்கள் சட்டிகளில் செம்பைக் கண்டு மிரளாமல் நின்றது அதுதான். அது விளக்குக்கும் வண்டி அச்சுக்கும் எண்ணெய் தருகிற செடி, தின்கிற செடி இல்லை என்பதால் சாரும் சரி என்றார்.

தை மாதம் நயினாரின் இளைய மகள் பத்மாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அவலூர்பேட்டை. சாரும் நானும் போயிருந்தோம். நைனாவையும் தனியாக அழைத்திருந்தார்கள். பந்தல், மேளம், வாழைமரம் எல்லாம் இருந்தது. சீர்ப் பாத்திரம் வைக்கப் பாய் விரித்திருந்த இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அந்த வீட்டுப் பெண்கள் யாருக்கும் சீர்ப் பாத்திரம் ஏகாம்பர ஆச்சாரி பட்டறையைத் தவிர வேறெங்கிருந்தும் வந்ததில்லை. நயினாருக்கு அவரிடம் போய்க் கேட்க முகம் இல்லை. வேறிடத்தில் வாங்க மனசு இல்லை. அம்மையார் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "எப்படியாவது போங்க" என்று விட்டுவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் காலிப் பாயைப் பார்ப்பதும் ஒருவர் காதில் ஒருவர் பேசுவதுமாக இருந்தார்கள். நயினார் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தெருமுனையில் சத்தம் கேட்டது. பாத்திரத்தோடு பாத்திரம் இடிக்கிற சத்தம். ஒரு கைவண்டி நிறைய அண்டா, தவலை, குடம், குத்துவிளக்கு. வெயிலில் கண் கூசியது. வண்டியை முன்னால் இழுத்துக்கொண்டு வந்தது ஏகாம்பர ஆச்சாரியேதான். பின்னால் அவர் மனைவி பட்டுப்புடவையில்.

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். நயினார் வாசலுக்கு வந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நயினார் பெரிய அண்டாவை விரல் முட்டியால் தட்டினார். அது நீளமாக ஒலித்து அடங்கியது.

"ஏகாம்பரம், பெரியவ கல்யாணத்துக்குக் குடுத்ததவிட அண்டா சின்னதா இருக்குதே?"

"சின்னதாத்தான் இருக்கும். பாதிச் செம்ப நீதான் மல்லாட்டைக்குப் போட்டுட்டியே, நயினாரே!"

பந்தல் வெடித்துச் சிரித்தது. வேதமாணிக்கம் சார் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நயினார் சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது. ஆச்சாரியின் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா பாத்துகினு நிக்கிற? வாம்மா, ஒரு கை புடி. முகூர்த்தம் ஆவுது" என்றார்.

அண்டாவின் ஒரு வளையத்தை அவர் பிடித்தார், மறு வளையத்தை நான் பிடித்தேன். மேளம் மறுபடியும் தொடங்கியது. இருவருமாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனோம்.